ஒன்பது முழக் காலுறை

மண்டூர்த் துறையடியில் இருக்கும் கண்ணகையக்கா மோட்டர் லோஞ்சில் ஏறிய கதையை ஊரில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். அவர் இலட்சுமிப்பிள்ளை மாமியைத் தள்ளிவிட்டு ஏறினார் என்பது சுத்தப் பொய். நான் அங்கே நின்றேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அவருடைய கணவர் இளையதம்பியண்ணன் தோணியில் போய் வாவியில் மீன் பிடிப்பவர். அவருக்கு வேண்டிய வலைகளையெல்லாம் அக்காதான் பின்னிக் கொடுப்பார். சோறு கொதிக்கும்போதும் கை பின்னிக்கொண்டிருக்கும், பக்கத்து வீட்டோடு சண்டை பிடிக்கும்போதும் பின்னிக்கொண்டிருக்கும். அவருக்கு இருந்தது ஒரேயொரு ஆசை. நீர்ப்பாசன எஞ்சினியரின் லோஞ்சு வாவியில் போகும்போதெல்லாம் அந்த அலையில் இவர்களுடைய தோணி கூத்தாடும்.

“அதுக்குள்ள குந்திக்கிட்டுப் பாத்தா நம்மட தோணி என்ன மாதிரித் தெரியும் எண்டு ஒருக்காப் பாக்கணும் புள்ள,” என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஆனால் அது துரையின் லோஞ்சு. காசு கொடுத்தாலும் ஊராரை ஏற்ற மாட்டார்கள்.

1941ஆம் ஆண்டு வைகாசியில் எஞ்சினியரின் மனைவி டொறத்தி நோனா அந்த லோஞ்சில் வந்து இறங்கினார். அவர் மட்டக்களப்பிலேயே பிறந்த பறங்கிப் பெண், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். கையில் ஒரு மூட்டை கம்பளி நூல். யுத்தத்தில் எங்கோ பனிக்குள் நிற்கும் சிப்பாய்களுக்குக் காலுறை பின்ன வேண்டுமாம். ஒவ்வொரு புதன்கிழமையும் துறையடி மருதமரத்தின் கீழ் கூடிப் பின்னுவது என்று முடிவாயிற்று. ஆவணியில் எல்லா ஊர்ப் பின்னற்காரிகளும் பட்டினத்தில் ஒன்றுகூடுவார்கள். அதற்கு ஊருக்கு ஒருத்தியை நோனா லோஞ்சில் கூட்டிப் போவார்.

இதைக் கேட்டதும் கண்ணகையக்கா எழுந்து முன்னால் வந்து குந்தினார்.

கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. அடுப்பு வாயில் முகத்தை வைத்ததுபோல இருக்கும். அந்தக் காற்றில் மடி நிறையக் கம்பளியை வைத்துக்கொண்டு பதினொரு பேர் பின்னினோம். நூல் வியர்வையில் நனைந்து விரலோடு ஒட்டியது. கடைசியில் எல்லோரும் துறைப்படியில் வரிசையாக இருந்து, வாவித் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு, காலுக்குச் சூடு கொடுக்கும் பொருளைப் பின்னினோம். நான் சீனியர் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்க முடியாமல் அலைந்த வருடம் அது. பின்னும் முறை எழுதி நோனா கொண்டுவந்த ஆங்கிலக் கடதாசியைத் தமிழில் வாசித்துச் சொல்வது என் வேலை.

அளவு பார்க்க இளையதம்பியண்ணனைப் பிடித்து வந்தார்கள். முதல் காலுறையை மாட்டிக்கொண்டு வெயிலில் அரைமணி நேரம் இருந்தார்.

“இந்தக் கால்மேசப் போட்டுக்கிட்டு என்னைச் சண்டைக்கு விட்டா, நான் முதல் நாளே தோத்திருவன்,” என்றார்.

குதிக்கால் பின்னுவது எப்படி என்று நான் வாசித்துச் சொன்ன புதன்கிழமை, அக்கா கண்ணகையம்மன் கோயில் சடங்குக்குப் போயிருந்தார். மறுகிழமை வந்தவர், குழாய்போல நேரே பின்னிக்கொண்டு போனார். குதிக்கால் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய வேகத்தைப் பார்த்துக்கொண்டே மறந்துபோனேன். நோனாவோ, நூல்பந்து தீருகிறதே, இரண்டு சோடியாவது முடித்திருப்பார் என்று நினைத்துப் புதுப் பந்து கொடுத்தார். வலை பின்னுகிற கை சும்மா இருக்குமா? பழைய நூல் தீருமுன்பே புது நூலை முடிந்துகொண்டது. இப்படி ஆடிமாதம் முழுவதும்.

“என்னகா கண்ணகை, இது ஆருக்கு? யானைக்கா?” என்று இலட்சுமிப்பிள்ளை மாமி கேட்டார். அவர் தலைமை வாத்தியாரின் மனைவி. அதற்குள் பன்னிரண்டு சோடி முடித்து, மடித்து, கற்பூரம் போட்டு வைத்திருந்தார்.

“குளிர் கூடின இடத்துக்குகா,” என்றார் அக்கா.

பட்டினத்துக்குப் போகும் நாள் வந்தது. நோனா யோசிக்கவேயில்லை, மாமியின் பெயரைச் சொன்னார். மாமி பட்டுச்சேலையும் குடையுமாக லோஞ்சில் ஏறி அமர்ந்தார். கண்ணகையக்கா மரத்தடியில் இருந்து பின்னிக்கொண்டிருந்தார். கண் மட்டும் லோஞ்சில் இருந்தது.

லோஞ்சு ஓட்டுகிற அசனார் காக்கா, பின்னிய சாமானெல்லாம் இருந்த பெரிய ஓலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார். அக்காவின் காலுறையின் அடிப்பக்கமும் அதற்குள்தான் இருந்தது. மேற்பக்கம் நான்கு ஊசியோடு அக்காவின் கையில். அசனார் காக்கா நடக்க நடக்க, அது கடகத்திலிருந்து வெளியே வந்து, லோஞ்சில் ஏறும் பலகைமேலாக நீண்டுகொண்டே போயிற்று.

அவர் லோஞ்சு கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். எஞ்சினைத் தட்டினார். பிறகு நிறுத்தினார்.

“நோனா, கயிறு அவிட்டாச்சி. ஆனா லோஞ்சி இன்னும் கட்டித்தான் கிடக்கு.”

நோனா திரும்பிப் பார்த்தார். மரத்தடிக்கும் லோஞ்சுக்கும் இடையில் ஒன்பது முழக் காலுறை ஒன்று அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

“கண்ணகை, நூல அறுத்து விடு,” என்றார்.

“பின்னி முடியல்லியே நோனா. முடியாம அறுக்கிறல்ல. அறுத்தா மீன் ஒண்டும் படாது எண்டு எங்கட அப்பா சொல்லுவார்.”

“இது வலை இல்லயே. இதுல என்ன படணும்?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “சிப்பாய்ர கால் படணுமே.”

மாமி குடையை மடக்கினார். “நான் அறுக்கன். கத்திரிக்கோல் இருக்கு.”

“மாமி,” என்றார் அக்கா, மிகவும் மரியாதையாக, “நீங்க அறுத்தா அந்தப் பாவம் உங்களுக்கெல்லுவா.”

மாமி கத்திரிக்கோலைப் பைக்குள் வைத்துவிட்டார். அசனார் காக்கா வெயிலைப் பார்த்தார், நோனாவைப் பார்த்தார். “எண்டா ரெண்டு முனையும் ஒண்டாத்தான் போகணும்,” என்றார்.

அப்படித்தான் ஏறினார். யாரையும் தள்ளவில்லை. உள்ளே இடமில்லாததால் கடகத்தின்மேல் இருந்தார்.

மிச்சத்தை மாமியும் அசனார் காக்காவும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். லோஞ்சு வெளிக்கிட்டதும் அக்காவின் கை நின்றுவிட்டது. அதுவரை அந்தக் கை நின்று யாரும் பார்த்ததில்லை. நடு வாவியில் இளையதம்பியண்ணன் வலை வைத்துக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டதும் தோணி வலிக்கிற சவளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாராம். அலை வந்து தோணி கூத்தாடியது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார் என்கிறார் மாமி. “காக்கா, கொஞ்சம் மெள்ளமாப் போங்க, அந்த மனிசன் விழப்போறார்” என்று சொன்னதாக அசனார் காக்கா சொல்கிறார். இரண்டும் நடந்திருக்கும்.

“இப்ப சும்மாதானே இருக்காய், பின்னி முடியன்,” என்று மாமி கேட்டாராம்.

“முடிச்சிட்டா அத அங்கயே வெச்சிட்டு வரச் சொல்லுவாங்களேகா,” என்றாராம் அக்கா.

அவர் சொன்னது சரிதான். பட்டினத்தில் கூடியிருந்த சீமாட்டிகள் அந்தக் காலுறையை நாலு பேராகப் பிடித்துப் பார்த்தார்கள். முடியாத வேலை என்று நோனா விளக்கினார். முடித்து அனுப்பும்படி சொல்லி, அதை அக்காவோடு திருப்பி லோஞ்சில் ஏற்றிவிட்டார்கள்.

பொழுது சாயும்போது லோஞ்சு துறைக்கு வந்தது. இளையதம்பியண்ணன் நனைந்த சாரத்தோடு கரையில் நின்றார்.

“முடிஞ்சிதா?” என்று கேட்டார்.

“இல்ல,” என்றார் அக்கா. “நோனா இன்னும் நூல் கொண்டாறன் எண்டிருக்கா.”