மல்லி என்று தேடியவர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் உள்ள ஒரு கலைக்கல்லூரியில் நாகஜோதி உதவி நூலகர். நரிக்குடிக்காரர். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாகத் தட்டச்சு செய்வார். போன ஆண்டு கல்லூரி நாலாயிரம் மின்னூல்களுக்குச் சந்தா கட்டியது. நூலகக் கணினியில் பெயரைத் தட்டினால் புத்தகம் திரையிலேயே விரியும். திறப்பார்தான் இல்லை. "பிள்ளைகளுக்கு வாசிக்கிற பழக்கமே போயிருச்சும்மா" என்று முதல்வர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

நாகஜோதிக்கு அது சரியாகப் படவில்லை. தேடியும் ஒன்றும் கிடைக்காத சொற்களைக் கணினி தனியாகக் குறித்து வைக்கும். மார்கழியில் ஒரு காலை அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தார். முந்தின நாள் மத்தியானம் யாரோ 'மல்லி சாம்பல் நோய்' என்று அடுத்தடுத்து ஐந்து முறை தேடியிருந்தார்கள். ஐந்துக்கும் பூஜ்யம்.

வாசனைப் பயிர்களைப் பற்றித் தமிழ் மின்னூல் ஒன்று வந்தது அவருக்கு நினைவிருந்தது. அரைமணி நேரம் துழாவிய பிறகுதான் அகப்பட்டது. நூல் முழுக்கத் தமிழ். ஆனால் அனுப்பியவர்கள் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தார்கள். தமிழில் தேடுகிறவர் கண்ணில் அது ஜென்மத்துக்கும் படாது. அது ஒன்று மட்டுமா? முந்நூற்றுப் பன்னிரண்டு தமிழ் நூல்களுக்கும் அதே கதி.

"இது தெரியாம பிள்ளைகளையில்ல வைஞ்சுக்கிட்டு இருந்தோம்!" என்று வாய்விட்டே சொன்னார்.

தலைப்பைத் தமிழில் திருத்தினார். நூலில் 'கொத்தமல்லி' என்றுதான் இருந்தது. இந்தக் கரிசலில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? தேடுசொற்களில் 'மல்லி', 'சாம்பல் நோய்' இரண்டையும் சேர்த்தார்.

விசாரித்ததில், தேடியவர் கல்லூரி பஸ் ஓட்டும் தனுஷ்கோடி என்று தெரிந்தது. பரளச்சியில் இரண்டு ஏக்கர் மல்லி போட்டிருந்தார்.

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"படிக்கிற எடத்துல டிரைவரு என்னத்தக் கேக்க? நாந்தான் எழுத்தத் தப்பாத் தட்டிட்டேனோன்னு திரும்பத் திரும்பத் தட்டுனேன் தாயி."

"தப்பு எங்க பக்கந்தாண்ணே. இப்பத் தட்டுங்க."

ஒற்றை விரலால் தட்டினார். முதல் வரியிலேயே நூல் வந்து நின்றது. எந்த மருந்து, எந்த அளவு என்று இரண்டு முறை வாசித்து, திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையிலேயே மருந்து அடித்தார். ஓரத்தில் அரை ஏக்கர் போனது போனதுதான். மிச்சம் தேறிவிட்டது.

மீதி நூல்களின் பதிவுகளைத் திருத்தி முடிக்க நாகஜோதிக்குப் பங்குனி ஆகிவிட்டது. மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். மத்தியானங்களில் தனுஷ்கோடியோடு இன்னும் இரண்டு டிரைவர்களும் வருகிறார்கள். ஒருவர் ஆடு வளர்ப்பு வாசிக்கிறார், இன்னொருவர் நிலப் பட்டா பற்றி. சில நாள் ஏசிக் காற்றில் திரைக்கு முன்பே தூங்கியும் விடுகிறார்கள். நாகஜோதி எழுப்புவதில்லை.