அத்தையின் இடது கன்னம்

என் வீட்டுக்காரரைப் பெற்ற அத்தை ஒரு பேக்கரியின் முன்கவுன்டரில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறார். வேலை பார்க்கிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அங்கே ராஜ்யமே அவருடையதுதான். பன் நேற்றையதா என்று அமுக்கிப் பார்க்க நீளும் விரல், அத்தை ஒரு பார்வை பார்த்தால் தானாக மடங்கிவிடும். சர்க்கரை வியாதிக்காரர் யாராவது க்ரீம் கேக் கேட்டால், உங்க பொண்ணு நம்பர் எங்கிட்ட இருக்கு என்பார். கேட்டவர் வாயை மூடிக்கொண்டு ரஸ்க் வாங்கிப் போவார். அறுபதை நெருங்கியும் தலையில் ஒரு நரை கிடையாது, முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. அதில் அத்தைக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

அந்த முகத்தில்தான் வினை வந்து உட்கார்ந்தது. இடது கன்னத்தில் மட்டும், உள்ளங்கை அளவுக்குச் சிவந்த தடிப்பு. அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. களிம்பு பூசினால் அடங்கும், களிம்பை நிறுத்தினால் மறுபடி கிளம்பும். வீட்டில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனோம். என் வீட்டுக்காரர் போன்தான் காரணம் என்றார். அத்தை போனை வலது காதுக்கு மாற்றினார். நான் தலையணை உறையைச் சொன்னேன். அதுவும் மாறியது. சோப்பு போனது, பவுடர் போனது, கம்மல் கழன்றது. தடிப்பு மட்டும் அசையவில்லை. மாமா தன் பங்குக்கு, "கண்டதையும் மூஞ்சில பூசினா இப்படித்தான்" என்று பேப்பருக்குப் பின்னால் இருந்து தீர்ப்புச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை என்பது பின்னால் தெரியும்.

பேக்கரி முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? வாங்க வருகிறவர்கள் கேக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு அத்தையின் கன்னத்தையே பார்க்கிறார்கள், இது தொத்திக்குமா என்று ஒரு அம்மாள் கேட்டேவிட்டார் என்று சொல்லி, அத்தையைப் பின்னறைக்கு ரஸ்க் பாக்கெட் போட அனுப்பினார். கவுன்டரில் முதலாளியின் மச்சினி வந்து நின்றாள். முகம் இந்த மாசக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் அந்த இடம் அவளுக்கே என்றும் சொல்லிவிட்டார். அன்று அத்தை வீட்டுக்கு வந்து யாரோடும் சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இங்கே மாமாவின் மீசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமா லாரி ஓட்டி ஓய்ந்தவர். தெருவில் அவருக்கு மீசைக்காரர் என்றுதான் பெயர். தலை பஞ்சாக வெளுத்திருக்கும், மீசை மட்டும் தார் பூசிய ரோடு போலக் கன்னங்கரேல் என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் ஒரு மணி நேரம் வெளியே வரமாட்டார். ஊருக்கே தெரிந்த ரகசியம். ஆனால் எங்கள் வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. கல்யாணமாகி நான் வந்த முதல் வாரமே அத்தை சமையலறையில் வைத்துக் காதோடு சொன்ன சட்டம் இது. மாமாவின் மீசை பிறவியிலேயே கறுப்பு, அவ்வளவுதான்.

காரணமும் சொன்னார். சில வருஷங்களுக்கு முன், சாயங்காலம் அத்தையைக் கூட்டிப்போக மாமா குடையோடு பேக்கரி வாசலில் நின்றபோது, யாரோ ஒருவர் அத்தையிடம், உங்க அப்பா வந்திருக்காரு என்றாராம். அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மீசை கறுத்தது. அதோடு அவர் பேக்கரி பக்கம் போவதும் நின்றது.

தோல் டாக்டரிடம் அத்தையை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கன்னத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகில் சின்னச் சின்னதாய் எதையெதையோ ஒட்டி, நனைக்காமல் வைத்திருந்து திரும்ப வரச் சொன்னார். திரும்பப் போனபோது ஓரிடம் மட்டும் கொப்புளமாகச் சிவந்திருந்தது. முடிக்குப் போடும் கறுப்புச் சாயம் என்றார். இனிமேல் தலைக்கு டை போடாதீங்கம்மா என்றதும் அத்தைக்கு வந்ததே கோபம். கொண்டையை அவிழ்த்து டாக்டரின் மேஜைமேல் போடாத குறை. ஒரு முடியைப் பிடுங்கிச் சோதனைக்கு அனுப்புங்கள் என்று நின்றார். டாக்டர் சமாதானமாக, வீட்டில் வேறு யாராவது போடுகிறார்களா, அவர்களிடமிருந்தும் ஒட்டலாம், பல வருஷம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று கூட ஒத்துக்கொள்ளாமல் போகும் என்றார்.

"எங்க வீட்ல யாரும் போடறதில்ல" என்றார் அத்தை, பட்டென்று.

நானும், ஆமாம் டாக்டர், யாரும் இல்லை என்றேன். பழக்க தோஷம். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தைக்கும் உறைத்திருக்க வேண்டும், வலது கன்னமும் சிவந்துவிட்டது. அது வெட்கம்.

ஏனென்றால் தினமும் காலையில் அத்தை வேலைக்குக் கிளம்பும்போது வாசல் நடையில் ஒரு சண்டை நடக்கும். குடை எடுத்துக்கோ என்பார் மாமா, வேண்டாம் என்பார் அத்தை. தெருக்கோடி வரை கேட்கும். திடீரென்று சத்தம் நின்று ஒரு நொடி கப்சிப்பென்று ஆகிவிடும். பிறகு அத்தை குடையோடு போய்விடுவார். அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது என்பதை நான் ஒருமுறை பால் பாக்கெட் எடுக்கப் போய்ப் பார்த்துத் தொலைத்திருக்கிறேன். மாமா நிற்பது எப்போதும் இடது பக்கம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை என் கையைப் பிடித்து, மாமாவிடம் இதைச் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கினார். தெரிந்தால் மனுஷன் உடைந்துவிடுவாராம். அப்படியானால் காலையில் நடக்கிற அதை நிறுத்திவிடலாமே என்றேன், முடிந்தவரை நாசூக்காக.

"நிறுத்தினா ஏன்னு கேப்பாரு" என்றார் அத்தை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கும் பழகிடுச்சு" என்றார்.

அப்படியானால் கவுன்டர்? போனால் போகட்டும் என்றார். சொல்லிவிட்டு பஸ் டிக்கெட்டைச் சுக்கலாகக் கிழித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மீசைக்காக ஒரு ராஜ்யத்தையே தாரை வார்ப்பதா?

சத்தியம் செய்தது சாயத்தைப் பற்றிச் சொல்லமாட்டேன் என்றுதான். கன்னத்தைப் பற்றி யாரும் சத்தியம் கேட்கவில்லை. மறுநாள் மாமாவுக்குக் காபி கொடுக்கும்போது, முகத்தைப் பால் வடிய வைத்துக்கொண்டு, "மாமா, அத்தையோட இடது கன்னத்துல கொஞ்ச நாளைக்கு எதுவும் படக்கூடாதாம். டாக்டர் சொல்லச் சொன்னாரு" என்றேன். மாமா காபியை மீசையில் வழியவிட்டார். காது மடல் வரை சிவந்தது. குறிப்புப் புரிந்துவிட்டது என்று நான் எனக்கே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

புரிந்துதான் இருந்தது, பாதி. மனுஷன் சொன்ன பேச்சைத் தட்டாமல் மறுநாளே வலது பக்கம் போய் நின்றிருக்கிறார். ஞாயிறு போய்த் திங்கள் வந்தது. இடது கன்னம் ஆறத் தொடங்க, வலது கன்னம் பொங்கிவிட்டது. மாசக் கடைசி நெருங்கிய நேரத்தில் அத்தைக்கு இரண்டு கன்னமும் போனது. அன்று சாயங்காலம் அத்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுவே முதல் தடவை. என் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும் என்று தோன்றியது.

மாமா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எங்கிட்ட இருந்துதானாம்மா?"

"நான் எதுவும் சொல்லமாட்டேன்னு அத்தைக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன் மாமா."

அவர் விரலால் மீசையைத் தொட்டு, விரலைப் பார்த்தார். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. வெளியே வந்தபோது மூக்குக்குக் கீழே வெறும் தோல்தான் இருந்தது. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அத்தை எழுந்துபோய்த் தன் களிம்பை எடுத்து, மாமா அவசரத்தில் கீறிக்கொண்ட இடத்தில் பூசிவிட்டார்.

மாசக் கடைசியில் கவுன்டர் மச்சினிக்குத்தான் போனது. ஆனால் அவள் இரண்டு மாசமாய் சர்க்கரை வியாதிக்காரருக்கு க்ரீம் கேக்காகக் கொடுத்துத் தள்ள, அவர் மகள் கடைக்கே வந்து கத்திவிட்டுப் போனாள். முதலாளி பின்னறைக்கு வந்து அத்தையின் முகத்தைப் பார்த்தார். இரண்டு கன்னமும் பளிங்காக இருந்தன. தலையைச் சொறிந்துகொண்டு, முன்னால் வந்து நில்லுங்கம்மா என்றார்.

அன்று சாயங்காலம் நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். வாசலில் மாமா குடையோடு நின்றார், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. மீசை நன்றாக வளர்ந்து, தும்பைப்பூவாய் வெளுத்திருந்தது. ரொட்டிக்குக் காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "உங்க அப்பாவாம்மா? பாவம், ரொம்ப நேரமா நிக்கிறாரு" என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை ரொட்டியைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. "சந்தேகம்னா தோல் டாக்டரக் கேளுங்க, சர்டிபிகேட்டே குடுப்பாரு."

அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, திருதிருவென்று விழித்தார். மாமாவுக்கு விளங்கிவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடைக்குள்ளேயே குடையை விரித்துவிட்டார்.