பதினைந்து நிமிடம்

கோத்தா திங்கியில் எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு ஒன்று உண்டு. என் இடுப்பு உயரம். எத்தனை முறை சாயம் அடித்தாலும் சனியன் மறுபடி எட்டிப் பார்க்கும். மேட்டில் அரசாங்கம் கட்டும் வீடுகளில் ஒன்று கிடைக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி வரை.

கடைசி நாளில்தான் எனக்கு லீவு கிடைத்தது. ஜொகூர் பாருவிலிருந்து வந்து எல்லாவற்றையும் நிரப்பி முடித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அனுப்பப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"இப்ப ராகு காலம்லா. நாலரைக்கு அமுத்து."

மடிக்கணினியைத் திறந்தபடியே வைத்துவிட்டுத் தரையில் படுத்தேன். மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம் சிமெண்டுத் தரையில் மெல்ல நகர்ந்தது. அரைத்தூக்கத்தில் நாங்கள் மேட்டு வீட்டில் இருந்தோம். அம்மா ஜன்னல் வழியே, எங்கோ கீழே கிடந்த ஆற்றைக் காட்டிச் சிரித்தாள். அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதே இல்லை.

நாலரைக்கு எழுப்பினாள். அமுத்தினேன். நேரம் முடிந்தது, மீண்டும் நுழையவும் என்று மலாய் மொழியில் வந்தது. நிரப்பியதில் ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. மறுபடி நுழையக் கைபேசிக்கு ஓர் எண் வர வேண்டும். கடைசி நாள் நெரிசலில் அது வந்து சேர்ந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது.

அந்த மென்பொருளைச் செய்தது நான் வேலை பார்க்கும் கம்பெனி. சும்மா கிடக்கும் பக்கத்தை எத்தனை நிமிடத்தில் மூடுவது என்று அப்போது ஒரு கூட்டத்தில் அதிகாரி கேட்டார். யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் பசி. பதினைந்து என்றேன். மேசையைச் சுற்றி எட்டுத் தலைகளும் ஆடின. நிரப்பியதைச் சேமித்து வைக்கலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பொறுப்பு உண்டுதான், ஆனால் வாயைத் திறந்தவள் நான். அதையும் அடியோடு மறந்திருந்தேன்.

"இத செஞ்சவன் வீட்டுல தண்ணி ஏறட்டும்!" என்றாள் அம்மா.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. "நான்தாம்மா செஞ்சேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்க்கோட்டைப் பார்த்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"எந்திரி," என்றாள். "அரிசி மூட்டைய மேல ஏத்தலாம்."