கோட்டைப்பட்டினத்துக் கடல்பசு

வெள்ளிக்கிழமை அன்னவாசலில் முதல் பஸ்ஸில் ஏறும்போதே, திமிங்கலம் பார்க்கப் போவதாக ஆபீசில் நான் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. கூட வந்தவர் என் மாமனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கம் அது. மூன்றாவது வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. அவருடைய ஒரு ஜோடி உழவுமாட்டுக்குப் போட வைக்கோல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்து அடிமாட்டுக்குப் பிடித்துப்போவதாகப் பேச்சு முடிந்திருந்தது. அதுவரை மாட்டையே பார்த்துக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பார், கூட்டிக்கொண்டு போங்கள் என்று மாமியார்தான் என்னோடு அனுப்பிவைத்தார்.

புதுக்கோட்டையில் பஸ் மாறி, இருபது மைல் தள்ளி அறந்தாங்கியில் இன்னொரு முறை மாறினோம். ஆவுடையார்கோவில் தாண்டியும் கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றையும் மாமா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். மீமிசல் வழியாகக் கோட்டைப்பட்டினம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் விடியலில் அந்தோணி என்பவரின் வத்தையில் ஏறினோம். பாய் கட்டிய சின்ன மரப்படகு. வாடகை மூன்று ரூபாய். திமிங்கலம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன், என்னவோ ரயிலைக் கேட்பதுபோல. இந்தக் கடலில் அதற்கு வயிறு தரை தட்டும், வேண்டுமானால் கடல்பசு காட்டுகிறேன் என்று சிரித்தார். ஆபீசில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதே எனக்குக் கவலையாகிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் பாயை இறக்கினார். பலகையைத் தட்டக் கூடாது, சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்றார். ஓர் ஆமை தலையைக் காட்டிவிட்டு மறைந்தது. பிறகு, புஸ்ஸென்று மூச்சு விட்டபடி பழுப்பாக ஒரு முதுகு எழுந்தது. பக்கத்திலேயே கன்று. தண்ணீர் தெளிவாக இருந்ததால், தாய் அடியில் இறங்கிப் புல்லைப் பிடுங்கித் தின்பது நன்றாகத் தெரிந்தது. மேய்ந்த இடம் கோடு போட்டதுபோல் வெளுத்திருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாமா அந்த மிருகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. கண்ணுக்கெட்டியவரை அடியில் பச்சையாக அசைந்துகொண்டிருந்த புல்லைத்தான் பார்த்தார்.

கடல்பசு விலகிப் போனதும், மிதந்து வந்த புல்லை அள்ளி அள்ளி வத்தைக்குள் போட ஆரம்பித்தார். முழங்கை வரை நனைந்துவிட்டது. அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதுவரை கண்டதில்லை.

"இத நம்ம மாடு திங்குமா?" என்று அந்தோணியைக் கேட்டார்.

"எங்க ஆடுக திங்குதுங்க. ஆனா நல்ல தண்ணியில மூணு நாலு தடவ அலசிப் போடணும். உப்போட போட்டா கழிஞ்சே செத்துப்போகும்."

"எம்புட்டுத் தண்ணி வேணும்?"

இந்தக் குவியலுக்கே பத்துக் குடம் ஆகும் என்றார் அந்தோணி. மாமா கையிலிருந்த புல்லை ஒருமுறை பிழிந்தார்.

"பத்துக் கொடம் தண்ணி இருந்தா, மாப்ள, நான் ஏன் மாட்ட விக்கிறேன்" என்றார்.

பிறகு, அள்ளியதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலிலேயே விட்டார். நானும் ஒரு பிடி எடுத்து விட்டேன். திமிங்கலம் பார்க்க வந்த என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

கரைக்கு வந்ததும் அந்தோணி வாடகையில் ஒரு ரூபாயைத் திருப்பித் தந்தார். நான் எவ்வளவு சொல்லியும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். அங்கே கடல் நிறையத் தண்ணீர், புல், மேயும் பசு. ஐம்பது மைல் இந்தப் பக்கம் எங்கள் ஊர்க் கிணறுகளில் வாளி தரையில் இடித்தது. ஒரே ஜில்லாவுக்குள் இருப்பதுபோல் பக்கம்தான், ஆனாலும் அதனால் இதைக் காப்பாற்ற முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். மாமாவே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். சாயங்காலம், அவர் மனதை மாற்றுவதற்காக மாமியார், கடலில் என்ன பார்த்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார்.

"வயிறு நெறைய மேயிற மாடு ஒண்ணப் பாத்தேன்" என்றார் மாமா.