எதிர்க் கம்பெனியின் சிவப்புப் பாசி

உப்புத் தண்ணீர் மீன் தொட்டி பராமரிக்கும் தொழிலில், நம் தொட்டியில் மீன் செத்தால்கூடத் தூக்கம் வந்துவிடும். அடுத்தவன் தொட்டியில் பாசி செழித்தால் வராது. வீட்டில் ஒரு தொட்டி வைத்துக்கொண்டு, யாரோ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் சுங்குவார்சத்திரத்தில் இருந்துகொண்டு ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளின் ரிசப்ஷன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன்.

எதிர் கேட்

சுந்தரமூர்த்தி சார் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் அட்மின் மேனேஜர். அங்கே ரிசப்ஷன் தொட்டி என் பொறுப்பு. அதன் அடியில் மஷ்ரூம் என்று நாங்கள் சொல்லும் பவளங்கள், ஊதாவும் பச்சையுமாகத் தட்டையாக விரிந்திருக்கும். அதிக வெளிச்சம் கேட்காத சாதுவான ஜீவன்கள். அவற்றுக்கு மேலே அசைந்தாட ஒரு சிவப்புக் கடற்பாசியும் வைத்தேன். அது வெளுத்து, நூல் நூலாகக் கரைந்துவிட்டது.

ஒருநாள் சார் எதிர் கேட்டில் உள்ள கம்பெனிக்கு மீட்டிங் போய்விட்டு வந்தார். அங்கே தொட்டியைப் பார்த்துக்கொள்வது பாபு, வடக்குப்பட்டுக்காரன். என்னிடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகப் போனவன். அங்கே பாறை முழுக்கச் சிவப்புப் பாசி தழைத்திருப்பதையும், அதன் நிழலில் பவளங்கள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருப்பதையும் சார் விவரமாகச் சொன்னார். படமும் காட்டினார். விளக்கு வேறு, தண்ணீர் வேறு என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"காரணம் கேக்கலப்பா. அந்தச் செவப்பு நம்ம தொட்டிக்கு எப்ப வரும், அத மட்டும் சொல்லு."

வெளிச்சம்

பாசியும் செடி மாதிரிதானே என்று புதிதாக வாங்கி நட்டு, விளக்கைக் கூட்டினேன். பாசி கொஞ்சம் நிமிர்ந்தது. பவளங்கள் ஓரம் மடங்கிச் சுருங்கின. விளக்கைக் குறைத்தால் பவளம் விரிந்தது, பாசி படுத்துவிட்டது.

வீட்டில் சாப்பிடும்போதும் இதே பேச்சு. பாபுவுக்கு உப்புக் கரைக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான், இன்றைக்கு அவன் தொட்டியைப் போய்ப் படம் பிடிக்கிறார்கள் என்று புலம்பினேன். என் மனைவி கலா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த களைப்பில் ரசத்தை ஊற்றினாள்.

"பாபு தொட்டி லைட்டு கெடக்கட்டும். நம்ம வூட்டு பாத்ரூம் லைட்டு எரியாம கீதே, அது தெரியுமா?"

ஆடிட் அன்று

சிவப்பு வராவிட்டால் பச்சையாவது வரட்டும் என்று, குட்டிக் குட்டித் திராட்சைக் கொத்துகள் போன்ற ஒரு பாசியை விட்டேன். அது யாரையும் கேட்காமல் வளர்கிற வகை. பாறையில் ஏறி, பவளங்கள் மேலும் படர்ந்தது. சார் முதல்முறையாகத் தொட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பாசிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. திடீரென்று உள்ளே இருப்பதையெல்லாம் தண்ணீரில் கக்கிவிட்டு, வெளுத்துச் செத்துப்போகும். அதற்கு அது தேர்ந்தெடுத்த காலை, வெளிநாட்டு கஸ்டமர்கள் ஆடிட்டுக்கு வந்த காலை. நான் ஓடியபோது தொட்டி வெள்ளையாகக் கலங்கியிருந்தது. மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. முன்னால் பூச்செடிகளை அடுக்கி மறைத்துவிட்டுத் தண்ணீரை மாற்றினேன். மீன்கள் பிழைத்தன. பவளங்களில் பாதி போய்விட்டது. சார் திட்டவே இல்லை. வந்தவர்கள் போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அந்த பாபுவ ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லலாம்னு இருக்கேன்."

விசிட்டர் பாஸ்

கையில் இருந்த நல்ல இடமே அதுதான். அதுவும் அவனிடம் போகப்போகிறது என்றால் உட்கார்ந்திருக்க முடியுமா? பாபு இல்லாத நேரமாகப் பார்த்து எதிர்க் கம்பெனிக்குப் போய், விசிட்டர் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரிசப்ஷனுக்குள் நுழைந்தேன். பாபு இருந்தான், கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டபடி.

படத்தைவிட நேரில் அழகாக இருந்தது. அழகு என்று தோன்றுவதற்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. விளக்கை ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டியிருந்தான். பாசி மேலே வெளிச்சத்தில், பவளம் கீழே அதன் நிழலில். அவனே என் தொட்டியைப் பற்றி விசாரித்தான். அடிக்கடி தண்ணீர் மாற்றுகிறேன், மீனுக்கு இரைகூட அளந்துதான் போடுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் பாசியில் ஒரு கைப்பிடி பிய்த்து, கவரில் தண்ணீரோடு கட்டி என் கையில் கொடுத்தான்.

"ணா, தண்ணிய அவ்ளோ சுத்தமா வச்சிக்கினா பாசி இன்னா துன்னும்?"

பஸ் ஸ்டாப்

மீனின் கழிவுதானே பாசிக்கு உரம். இரையைக் கூட்டினேன், தண்ணீர் மாற்றுவதைக் குறைத்தேன், விளக்கைத் தள்ளி மாட்டினேன். பாசி பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த பவளங்கள் அதன் நிழலில் விரிந்தன. சார் பாபுவைக் கூப்பிடவில்லை. எதிர்க் கம்பெனியைவிட நம் தொட்டிதான் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும், அது பாபு காதில் விழவும் வேண்டும் என்று காத்திருந்தேன்.

அவனைச் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி ஐடி. தொட்டிகளை வேறு ஒருவரிடம் விட்டுவிட்டு, அசெம்ப்ளி லைனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம். கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, வாரத்தில் ஒரு நாள் லீவு. கரண்ட் போனால், தொட்டி மோட்டார் நின்றுவிட்டது என்று யாரும் போன் பண்ணுவதில்லை. நான் என் தொட்டியின் படத்தை நீட்டினேன். நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னான். சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான். பிறகு உப்பில் ஊறி வெடித்திருந்த என் விரல்களைக் கவனித்தான் போலிருக்கிறது. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"கை காஞ்சி கீது பாருணா. ஒரு புண்ணு இல்ல."

இத்தனை நாள் அவன் தொட்டியைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது அவன் கையைப் பார்த்து எரிகிறது. தொழிலில் அடுத்த கட்டத்துக்குப் போவது என்று இதைத்தான் சொல்கிறார்கள் போல.