நாசிக் ஒயினும் மயிலம் காவடியும்

புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் என் கூட்டாளி ஒருவனும் நானும் ஒன்பது வருடம் பரிமாறும் வேலை பார்த்தோம். திண்டிவனத்தில் ஒரே தெரு. போகவர ஒரே பஸ். ஒயினைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. சாப்பிட வந்தவர்கள் கேட்டதற்குப் பதில் தெரியாமல் பேந்தப் பேந்த விழித்த வெட்கத்தில் நானாகவே கற்றுக்கொண்டேன். கற்றதையெல்லாம் பஸ்ஸில் அவனிடம் கொட்டினேன். எனக்கு வாய் அடங்காது.

அந்த மாசியில் நாசிக்கிலிருந்து ஒரு புது வெள்ளை ஒயின் வந்தது. செனின் பிளாங்க், சொவின்யோன் பிளாங்க் என்ற இரண்டு திராட்சைகளின் கலப்பு. முதலாவது பழவாசனை தரும். இரண்டாவது புளிப்பும் பச்சை வாசனையும் தரும். மேட்டு நிலம், குளிர்ந்த இரவுகள். அதனால் பழத்தின் புளிப்பு போய்விடாது. ஒரு வாய் குடித்ததும் கொய்யாக்காய் நினைவு வந்தது. அதுவும் அணில் கடிக்கும் முன் பறித்த காய். வஞ்சிரம் வறுவலோடு கொடுத்தால் எலுமிச்சை பிழியத் தேவையில்லை. தேங்காய்ப்பால் இறாலுக்கும் பொருந்தும். காரக்குழம்போடு கொடுத்தால் நாக்கு எரியும். முதலில் கொறிக்க, உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை. இந்தக் கடைசி யோசனையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

பங்குனி உத்திரத்துக்கு மயிலத்தில் காவடி எடுக்கலாம் என்று ஆரம்பித்தது அவன்தான். மாலை போடும் நாள் காலையில் போன் வந்தது.

"கண்டாச்சிபுரம் பெரியப்பா பூட்டாருடா. எனக்குத் தீட்டு. நீ போட்டுக்கோ, உட்றாத."

நான் மட்டும் போட்டுக்கொண்டேன். மறுநாளே மேனேஜர் அறிவித்தார்: அடுத்த வாரம் முதலாளி முன்னால் இந்த ஒயினைச் சுவைத்து, எதோடு கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டும், நன்றாகச் சொல்பவருக்கு ஒயின் பொறுப்பு முழுவதும். வருடக்கணக்காக நான் காத்திருந்த வேலை. வாயில் வைத்துத் துப்பிவிடு என்றார் மேனேஜர். மாலை போட்டவன் சாராயத்தை வாயில் வைப்பதா?

"வேணாம்டா, மாலைக்கு ஆவாது. நான் குடிச்சிப் பாத்து நீ சொன்னதையே சொல்றேன். உன் பேர சொல்லிட்டுதான் ஆரம்பிப்பேன்" என்றான் அவன்.

எல்லாம் சொன்னான். அணிலைக்கூட விடவில்லை. மல்லாட்டை என்றதும் முதலாளி கைதட்டினார். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. கழுத்தில் மாலையோடு, தண்ணீர் ஜாடியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். பொறுப்பு அவனுக்குப் போனது.

"பதட்டத்துல மறந்துட்டேன்டா" என்றான் பஸ்ஸில். சாவு வீட்டுக்காரன், மனசு சரியில்லாமல் மறந்திருப்பான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காவடியோடு மலையேறியபோது அந்தப் பெரியப்பாவுக்கும் சேர்த்து ஒரு கற்பூரம் ஏற்றினேன். அவ்வளவு முட்டாள் நான்.

சித்திரையில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெரியப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். அவன் தங்கை கல்யாணத்தில் பார்த்துப் பேசிய அதே மனிதர். என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"இன்னா தம்பி, காவடி நல்லபடியா முடிஞ்சிதா? எங்க பையன் இந்த வருசம் மாலையே போடலியாமே, ஏன்?"

"தீட்டுன்னு சொன்னான்" என்றேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "தீட்டா? எங்க வூட்ல யாருப்பா செத்தது?"

மேனேஜர் அறிவிக்கும் முன்பே அவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. 'நீங்கதான்' என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.