வேலின் நுனியில் ஒரு நூல்

எனக்குச் சும்மா இருக்க வராது. பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவரின் சட்டைத் தையலைத்தான் பார்ப்பேன். எங்காவது ஒரு நூல் தொங்கினால் கை துருதுருக்கும். அக்கராயனில் எங்கள் வீட்டு முன்னறையில் எம்பிராய்டரி மெசின் வைத்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு இந்த வியாதி முற்றிவிட்டது. அப்படிப்பட்ட நான், சொந்தத் தங்கச்சி கோயிலுக்கு நேர்ந்த திரைச்சீலையில் நூலை முடிச்சுப் போடாமல் விட்டேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

தங்கச்சிக்கு இரண்டு தரம் கரு வயிற்றில் தங்காமல் போனது. மூன்றாம் தரம் ஐந்து மாதம் தாண்டியதும், ஊர் முருகன் கோயிலுக்குத் திரைச்சீலை கொடுக்கப்போகிறேன் என்று வந்து நின்றாள். சிவப்புச் சாட்டின் துணி, நடுவில் தங்க நூலால் பெரிய வேல். நேர்த்தி என்றால் பிள்ளை பிறந்த பிறகுதானே கொடுப்பது, இதென்ன புது வழக்கம் என்று கேட்டேன். போன இரண்டு தரமும் பிறகு தருகிறேன் என்று சொல்லித்தான் பார்த்தாளாம். இந்த முறை முதலிலேயே கொடுத்துவிடப் போகிறாளாம். சாமியோடு இப்படியும் பேரம் பேசலாமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நேர்த்தி, சகுனம் ஒன்றையும் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு துணியை வாங்கி வைத்தேன்.

தங்க நூல் ஒரு பிடிவாதக்காரப் பிள்ளை. சாதாரண நூல் என்றால் வேலை முடிகிற இடத்தில் ஊசியை நகர்த்தாமல் நாலு சின்னத் தையல் போட்டால் போதும், தானே பூட்டிக்கொள்ளும். தங்க நூல் விறைப்பும் வழுக்கலுமாக இருப்பதால் அந்தப் பூட்டு நிற்காது. வாலை நீளமாக விட்டு வெட்டவேண்டும். துணியைப் புரட்டி, கீழ்நூலை மெல்ல இழுத்தால் மேல்நூல் ஒரு வளையமாகப் பின்பக்கம் வரும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, மிச்ச வாலைத் தையல்களுக்கு அடியில் கைஊசியால் செருகிய பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடலாம். வேலில் அப்படி எத்தனையோ இடங்கள். ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வந்தேன்.

திருவிழாக் கொடியேற்றத்தன்று காலை கரண்ட் போய்ப் போய் வந்தது. வெளியே தங்கச்சியின் மனுசன் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே நின்றார். கோயில் ஐயரிடமிருந்து போனுக்கு மேல் போன். கொடி ஏறுகிற நேரத்துக்குச் சீலை தொங்கவேண்டும். நான் கடைசியாக வேலின் நுனியைத் தைத்து, துணியைப் புரட்டி, உள்துணியை வைத்து ஓரம் அடித்து, வளையங்களைப் பொருத்தி அவர் கையில் கொடுத்தேன். பின்பக்கம் முழுதையும் உள்துணி மூடிவிட்டது. நுனியில் முடிச்சுப் போட்டேனா என்ற கேள்வி அப்போது எனக்கு வரவேயில்லை.

வந்தது கோயிலில். கொடி ஏறி, மேளம் உச்சத்தில் நிற்க, எல்லாரும் கைகளைத் தலைக்குமேல் தூக்கியிருந்தார்கள். மூடியிருந்த திரையில் வேலின் நுனியிலிருந்து மயிர் போல ஒன்று மின்னியது. பக்கத்தில் தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டபடி நின்றாள். இவள் கண்ணைத் திறந்து இதைக் கண்டால் என்ன நினைப்பாள்? கொடுத்த காணிக்கை ஏற்கப்படவில்லை, பிள்ளைக்கு ஏதோ வரப்போகிறது என்றுதானே நினைப்பாள். நான் ஒரு அடி முன்னால் நகர்ந்து அவளுக்கு மறைப்பாக நின்றேன்.

கொடி ஏறிவிட்டால் இறங்கும்வரைக்கும் எங்கள் கோயிலில் கட்டியது எதையும் கழற்றுவதில்லை. சீலையைத் தாருங்கள், தைத்துத் தருகிறேன் என்று கேட்கவே முடியாது. திருவிழா நாட்கள் முழுவதும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பூசைக்குப் பூசை திரையை இழுத்துத் திறப்பார்கள், இழுத்து மூடுவார்கள். ஒவ்வொரு இழுவைக்கும் அந்த நூல் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. ஊர் திரை திறக்கும்போது கும்பிட்டது. நான் மூடும்போது எட்டி எட்டிப் பார்த்தேன். ஒருநாள் போனில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்க்கலாம் என்று தூக்கியதும், பூசை நேரத்தில் இதென்ன பழக்கம் என்று கோயில் நிர்வாகத்து ஆள் ஒருவர் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி ஏசினார். வீட்டில் சோறு இறங்கவில்லை. வந்த வேலைகளையும் தைத்துத் தைத்துப் பிரித்தேன். தங்கச்சியை ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்தில் கொண்டுபோய் இருத்தினேன். அங்கே காற்று வரும், இங்கே சனம் இடிக்காது என்று ஏதோ ஒரு சாட்டு.

நூல் விரல் நீளத்துக்கு வந்து, நுனித் தையலும் இளகத் தொடங்கியபோது பொறுக்க முடியவில்லை. மத்தியானப் பூசை முடிந்து சனம் அன்னதானத்துக்குப் போன நேரம் பார்த்து ஐயரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, இதுதானா, கற்பூரத்தைக் காட்டினால் நுனி பொசுங்கி ஒட்டிக்கொள்ளும் என்று தட்டை எடுக்கப் போனார். எனக்கு உயிர் போய் வந்தது. சாட்டினுக்குப் பக்கத்தில் நெருப்பா? நூலோடு வேலும் போகும், வேலோடு கோயிலும் போகும். வேண்டாம் ஐயா என்று மறித்து, கைப்பையில் கொண்டுவந்திருந்த கைஊசியையும் சிவப்பு நூலையும் நீட்டினேன்.

கருவறைக்கு முன்னால் இருக்கிற கம்பியைத் தாண்டி நான் போகமுடியாது. திரை கைக்கெட்டாத தூரத்தில் தொங்கியது. ஆகவே அவர் தைக்க, நான் வெளியே நின்று சொன்னேன். தொங்கிய தங்க நூலை ஊசியில் கோர்த்து, அது வெளிவந்த ஓட்டையிலேயே பின்பக்கம் குத்தச் சொன்னேன். குத்திவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை. துணி அசைவது மட்டும் தெரிந்தது. உள்துணியில் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு தையல் போட்டு, அந்த நூலையும் தங்க நூலையும் சேர்த்து முடியுங்கள், இழுக்கவேண்டாம், இழுத்தால் முன்பக்கம் சுருங்கும் என்று இந்தப் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே நின்றேன். என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"ரெண்டு முடிச்சுப் போட்டியளோ ஐயா?"

"மூண்டு போட்டிருக்கு பிள்ளை. தர்ப்பை முடியிற கை இது. நீர் பதறாமல் நில்லும்."

வாலை மட்டும் வெட்டவேண்டாம், உள்துணிக்குள் செருகிவிடுங்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, எனக்குப் பின்னால் தங்கச்சி நின்றாள். சாப்பிட என்னைத் தேடி வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. பூ ஒன்று சீலையில் சிக்கிக்கொண்டது, ஐயர் எடுக்கிறார் என்று ஒரு பச்சைப் பொய் சொன்னேன். அவள் வேலின் நுனியை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த நூலை நான் கொடியேத்தத்தண்டே கண்டனான், அக்கா."

பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சொல்லியிருந்தால் இத்தனை நாளும் நான் செத்துப் பிழைத்திருக்கத் தேவையில்லையே என்று அங்கேயே சத்தம் போட்டேன். நான் மறைத்து மறைத்து நின்றதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தனக்குத் தெரியும் என்று தெரிந்தால் நான் இன்னும் பயந்துவிடுவேன் என்று பேசாமல் இருந்தாளாம். பயந்தது நான்தான். ஒன்றையும் நம்பாத நான், அந்தப் பிள்ளையை அந்த நூலில் கட்டிவிட்டு, சோறும் நித்திரையும் இல்லாமல் திரிந்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவும் முடியாமல், உனக்குப் பயமாக இருக்கவில்லையா என்று மட்டும் கேட்டேன்.

அவள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"முதல் ரெண்டும் போகேக்க ஒரு நூலும் கழரேல்லை, அக்கா," என்றாள்.